பலூன் கயித்து முனையும் பேக்கிங் அக்கா கையெழுத்தும்

புதுசா வந்த மூணு பேருக்கும் சேத்தித்தான் இத டைப் பண்றேன். ஃபிசியோதெரபில எடது தோளுக்கு கரண்ட் வெச்சு உக்கார வெச்சிருக்காங்க. வலது கைல ஒத்த வெரல்ல தட்டிட்டு இருக்கேன். நான் பொறந்ததுலருந்து எடது கைக்காரி. எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காம படிங்க.

நேத்து ஃபைல் பாத்தேன். போன வாரம் நீங்க தண்ணிக்குக் கொண்டு போன நாலு பலூனுக்கும் ட்ரையல் ஃபாரம் இருக்கு. காத்து, நேரம், தையல், எல்லாம் மணி மணியா எழுதிருக்கீங்க. கடைசில ஒரு கட்டம் இருக்குமல்ல, 'கயித்து முனை, பேக்கிங் கையெழுத்து'ன்னு? அதுல ரெண்டு ஃபாரத்துல வெறும் டிக்கு. ஒண்ணுல 'ஓகே'. இன்னொண்ணுல எவனோ பேக்கிங் அக்கா கையெழுத்து மாதிரியே கோழி கிளறி வெச்சிருக்கான். கயித்துப் பையோட வாய அக்கா தச்சு அனுப்புனா, வண்டிலயே பிளேடு போட்டு அறுத்தும் வெச்சுக்கறீங்களாமா. ஏன்டான்னு குரூப்ல கேட்டா ஒருத்தன் போடறான்: "அவங்க படகுலயே ஏறுனதில்லயேக்கா, அவங்ககிட்ட போய் நாங்க எதுக்கு சைன் வாங்கோணும்?" அதுக்கு ரெண்டு பேரு சிரிக்கற பொம்மை.

சிரிங்க சாமி, நல்லா சிரிங்க. அந்தக் கட்டம் எதுக்கு வந்துச்சுன்னு இப்பக் கேளுங்க. அந்தக்காவுக்கு இந்தக் கம்பெனில ஒரு தடவை வேலையே போச்சு. போக வெச்சது நான். என்ற வாயி.

எனக்கு இருவத்தேழு வயசு. நாலு வருசம் ட்ரையல் பாத்தேன். தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சுபோச்சு, இனி கயிறு இழுத்தா கைய மறந்துரும்மான்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. ஆக, இருவத்தேழு வயசுல ரிட்டயர்டு. நாளைலருந்து கட்டிங் டேபிள். பெருசு மாதிரி அட்வைஸ் பண்ண எனக்கு லைசன்ஸ் இருக்கு, வாய மூடிட்டு கேளுங்க.

நம்ம வேலை என்னன்னு வெளிய சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். சோமனூர் பக்கத்துல, கடல் வாசமே அடிக்காத ஊர்ல, பாய்மரப் படகுக்குப் பாய் தைக்கறோம். அதுலயும் ஸ்பின்னேக்கர். படகுக்கு முன்னாடி கலர் கலரா ஊதிக்கிட்டு நிக்கற பெரிய பாய். நமக்கு அது பலூன். ஓனரண்ணனோட அப்பா காலத்துல காடாத்துணித் தறி ஓடுன அதே செட்டு, இப்ப நைலான். நம்ம பலூன வாங்கறவன் எல்லாம் சின்னப் படகத் தனியா ஓட்டறவன். அவன் தனியா ஏத்தி தனியா எறக்குவான், அதனால ட்ரையலும் ஒத்த ஆளுதான் பண்ணோணும். கூட ஒரு ஆள் இருந்தா ஒருத்தன் சுக்கானப் புடிப்பான், இன்னொருத்தன் கயித்தப் புடிப்பான். தனியாப் போனா ரெண்டு கை, அஞ்சு வேலை.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். பலூனுக்கு மூணு மூலை. ஒரு மூலை பாய்மரத்து உச்சிக்குப் போகும், அது ஏத்துக்கயிறு. ஒண்ணு படகு மூக்குல கட்டிருக்கும். மூணாவது மூலைலருந்து வர்ற கயிறு பின்னாடி ஒரு கப்பிக்குள்ள நொழஞ்சு நம்ம கைக்கு வரும், அது கைக்கயிறு. நம்ம கப்பி பக்கவாட்டுல தெறக்கற ரகம், முனையக் கோக்காம கயித்து நடுவ உள்ள வெச்சு மூடிருவோம். அந்தக் கைக்கயித்தோட முனை இருக்கே, அது மொட்டையா இருக்கோணும். முடிச்சு கிடிச்சு கூடாது. எல்லாம் கை மீறிப் போறப்ப நாம கைய விட்டா, கயிறு சர்ருன்னு கப்பிக்குள்ள ஓடி வெளிய போயிரோணும். அப்பத்தான் பலூன் காத்தக் கக்கிட்டு கொடி மாதிரி அடிச்சுக்கும், படகு அடங்கும். தனியாப் போறவனுக்கு இருக்கற ஒரே பிரேக்கு அது. முனைல முடிச்சு இருந்தா முடிச்சு கப்பில மாட்டும். பிரேக்கு அவுட்டு.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. வெளியூர்க்காரனுக்குக் கஷ்டமில்ல. நமக்குத்தான் கெரகம். நாம எல்லாம் தறிக்கார ஊட்டுப் புள்ளைங்க. எங்கூட்டுல ஒரு வேளை சோறு இல்லீன்னாக்கூட எங்கப்பன் பொறுத்துக்குவாரு, தறில பாவு நூல் முனை முடிச்சில்லாம தொங்குனா ஊட்டையே ரெண்டாக்கிருவாரு. நூலு நழுவிப்போகும், நாள் பூரா வேலை போகும். மூணாவது படிக்கறப்பருந்து முடிச்சுப் போட்ட கை இது. கயித்து முனை கைல சிக்குனா மூளையக் கேக்காது, அதுவாப் போட்டுரும். உங்க மூணு பேருக்கும் அதே கைதான். இல்லீன்னு மட்டும் சொல்லிராதீங்க, கேன்டீன்ல டீத்தூள் பொட்டலத்து நூல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாத்திருக்கேன்.

பேக்கிங் அக்காவும் அதே கேசு. சூலூர்க்காரங்க. நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி பதினோரு வருசம் பவர்லூம்ல. பலூன மடிச்சு, கயித்தச் சுருட்டி, பைல போட்டுக் குடுக்கறது அவங்க வேலை. நான் சேந்த புதுசுல ரெண்டு தடவை கைக்கயித்து முனைல முடிச்சுப் போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்து காச்சு மூச்சுன்னு கத்துனேன். "செரிங்க அம்மணி, இனிமே போடலீங்க"ன்னாங்க. அதுக்கப்பறம் ஒரு வருசம் போடவும் இல்ல. அத யாரும் ஞாபகம் வெச்சுக்கல. மொத ரெண்ட மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சிருந்தாங்க, மொத ஆளு நான்.

சரி, அந்த நாளுக்கு வாரேன்.

ஆடி மாசம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற காத்து நம்மூர்ல என்ன ஆட்டம் ஆடும்னு உங்களுக்கே தெரியும், ஸ்கூட்டில போனாலே ஆளச் சாய்க்கும். நம்ம ட்ரையல் மேட்டுப்பாளையம் தாண்டி அந்த அணைல. மலை அடிவாரத்துல காத்து இன்னும் கேவலம். அஞ்சு நிமிசம் பச்சைப்புள்ள மாதிரி இருக்கும், ஆறாவது நிமிசம் பேய் புடிச்சுக்கும். ஒரு ஆரஞ்சு கலர் பலூன், ஒரு கஸ்டமருக்கு சாம்பிள், திங்கக்கெழம அனுப்பியாகோணும். காத்து ஓவரா இருக்கு, நாளைக்கு வெச்சுக்கலாம்னு எனக்குத் தெரியும். சோமனூர்லருந்து அணை வரைக்கும் ரெண்டு மணி நேரம், முன் சீட்டுல கயித்துப் பைய மடில வெச்சுக்கிட்டு போன்ல ஓனரண்ணன்கிட்ட மல்லுக்கட்டிட்டே போறேன்.

"அண்ணா, மரமெல்லாம் சாயுதுங்ணா."

"அம்மணி, காத்து இல்லாம பாயி ஓடுமா? ஒரு பத்து நிமிசம் ஏத்தி எறக்கு, போட்டோ எடு, வா."

"இல்லீங்ணா, வந்து..."

"உனக்குத் தெரியாததா அம்மணி. பாத்துப் பண்ணு."

"செரிங்ணா."

பாத்தீங்களா? 'முடியாதுங்ணா'ன்னு ஒத்த வார்த்தை சொல்லிருந்தா இந்தக் கதையே இல்ல. நம்மூரு வாய்ல அந்த வார்த்தை மட்டும் சிக்கிக்கும். இல்லீன்னு சொல்றது என்னமோ ஊட்டுக்கு விருந்தா வந்த ஒறம்பரைய வாசல்ல நிக்க வெச்ச மாதிரி இருக்கும் நமக்கு.

படக எறக்கியாச்சு. வண்டி ஓட்டிட்டு வந்த அண்ணன் கரைல நின்னு செல்லுல வீடியோ எடுக்கறாரு. நான் காத்து போற பக்கமே படகத் திருப்பி விட்டு, பலூன ஏத்துனேன். சும்மா சொல்லக்கூடாது, என்னா ஓப்பனிங்கு! டப்புன்னு வெடிச்ச மாதிரி ஊதுச்சு. ஆரஞ்சு கலரு, பின்னாடி நீலமா மலை. படகு துள்ளிட்டு ஓடுது. நான் தனியா 'ஊ'ன்னு கத்துனேன். வீடியோல அது இருக்கு, கேவலமா இருக்கும், கேக்காதீங்க.

ஒரு நாலு நிமிசம் சொர்க்கம். அப்பறம் பின்னாடி தண்ணி கறுப்பா மாறிட்டே வர்றதப் பாத்தேன். காத்து வருது, பெருசா.

பெரிய காத்து பின்னாடி வந்தா, தனியா இருக்கறவ என்ன பண்ணோணும்? படகு மூக்க காத்து போற பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுரோணும். பலூனு அதுக்குப் பின்னாடி மரத்துல நிக்கற மெயின் பாயோட நிழல்ல ஒதுங்கும், மூச்சு வாங்கலாம். நான் சுக்கான அசைச்சேன். அசைச்ச பக்கம் பாத்தா, ஒரு பரிசல். அதுல ஒரு அண்ணன் குத்த வெச்சு உக்காந்து வலைய அவுத்துட்டு இருக்காரு. தென்னந்தோப்புத் தண்ணித் தொட்டி அகலம்தான் பரிசலு. எங்களுக்கு நடுவுல நம்ம பேக்கிங் ஹால் நீளத்துக்கு எடம் இருந்தா அதிகம்.

"அண்ணா! தள்ளிக்கோங்ணா! தள்ளுங்க!"

அவரு தலையத் தூக்கிப் பாத்தாரு. சிரிச்சாரு. கைய நல்லா மேல தூக்கி ஆட்டுனாரு.

"வாங்க அம்மணி! வாங்க வாங்க!"

யோவ்! நான் ஓடற படகுல வந்து மோதப் போறேன், அவரு என்னைய விருந்துக்குக் கூப்புடற மாதிரி கூப்புடறாரு!

அந்த எடத்துல மூணே வழி. ஒண்ணு, அவரு பக்கம் திருப்பறது, அது ஆளுக்கு மேலயே போறது. ரெண்டு, எதிர்ப்பக்கம் திருப்பறது. அந்தக் காத்துல பலூனோட எதிர்ப்பக்கம் திருப்புனா படகு குப்புறப் படுத்துக்கும். படுத்துட்டே சறுக்கிட்டு எங்க போகும்னு யாருக்குத் தெரியும். மூணு, கைக்கயித்த விட்டுர்றது. பிரேக்கு. இத நான் யோசிக்கவே இல்ல, கை தெறந்துருச்சு. கயிறு சர்ருன்னு ஓடுச்சு. பலூன் தளந்துச்சு. அப்பாடான்னு மூச்ச விட்டேன்.

டக்.

கப்பில அந்தச் சத்தம். கயிறு ஓடி முடியல. முனைல முடிச்சு. பலூன் இன்னும் தூரமாப் போய், முன்ன விடப் பெருசா ஊதி நின்னுச்சு. நின்னு, படகு மூக்க ஒரே இழுப்பா பரிசல் பக்கம் இழுத்துருச்சு.

ஏத்துக்கயித்த அவுத்து விட்டேன். அது கடைசி வழி. பலூன் அப்படியே வானத்துலருந்து முன்னாடி சரியும், தண்ணி குடிக்கும், படகுக்கு நங்கூரம் மாதிரி ஆயிரும். ஆச்சு. படகு முட்டி போட்ட மாதிரி குலுங்கி நின்னுச்சு, பரிசலுக்கு ஒரு கை தூரத்துல. ஆனா பலூனு எங்க சரிஞ்சுச்சுன்னு பாருங்க. நேரா அவரு தலை மேல. மனுசன மூடி, பரிசல மூடி, ஈரத்துணி கனம் ஒரு பக்கமாச் சாச்சு, பரிசல் கவுந்துருச்சு. மேல பாத்தா ஆரஞ்சு துணி மட்டும் தண்ணில மெதக்குது. அதுக்கடில ஒரு எடத்துல குபுக் குபுக்குன்னு முட்டுது.

ஈர நைலான் மூஞ்சில ஒட்டுனா என்னாகும்னு தெரியுமல்ல. நீச்சல் தெரிஞ்சவனும் போயிருவான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், கத்தி இடுப்புல. குதிச்சேன். முட்டற எடத்துக்கு ஒரு முழம் தள்ளி குத்தி, ஒரே கிழி. திங்கக்கெழம போகோண்டிய சாம்பிள். அந்த நேரத்துல ஒரு நொடி, சத்தியமா ஒரு நொடி, தையல் லைனப் பாத்துக் கிழிக்கலாமான்னு நெனச்சேன். இந்த மூளைய என்ன சொல்றது.

கிழிச்ச எடத்துல தலை வந்துச்சு. இருமுனாரு, துப்புனாரு, துணியத் தடவிப் பாத்தாரு. மொத வார்த்தை:

"ஏனுங் அம்மணி, நல்ல துணிங்க. கிழிச்சுபோட்டீங்களே!"

நான் ஓன்னு அழுதுட்டேன். அவரு ஒரு கைல பரிசலையும் ஒரு கைல என்னையும் புடிச்சுக்கிட்டாரு. கரைக்கு வந்தப்பறம் கேட்டேன், ஏங்ணா நான் அந்தக் கத்து கத்துனேன், நகராம கையாட்டுனீங்களேன்னு. சங்கடமாச் சிரிச்சாரு.

"மீனு இருக்குங்ளான்னு கேக்கறீங்கன்னு நெனச்சனுங்க. ஒண்ணும் கெடைக்கலீங்க இன்னைக்கு. இல்லீன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது, அதான் வாங்கன்னேன்."

இந்த ஊரு மரியாதை ஒரு நாள் யாரையாச்சும் கொன்னுபோடும்னு அன்னைக்கு நெனச்சேன். அது அந்தண்ணன் கிட்ட மட்டும்னு நெனச்சுக்கிட்டேன். மேல கேளுங்க.

சாயங்காலம் கம்பெனிக்கு வந்தா, கிழிஞ்ச பலூனப் பாத்து ஓனரண்ணன் மூஞ்சி கறுத்துருச்சு. ஹால்ல எல்லாரும் நிக்கறாங்க. நான் இன்னும் நனஞ்ச துணியோட நிக்கறேன். கப்பில மாட்டுன முடிச்சோட கயித்த அறுத்து எடுத்துட்டு வந்திருந்தேன், அத டேபிள் மேல வீசுனேன்.

"ஒரு ஆளு செத்திருப்பாருங்ணா. எத்தனை தடவை சொல்லிருக்கேன், முனைல முடிச்சு போடாதீங்கன்னு! இதோட மூணாவது தடவை!"

யாரப் பாத்து சொன்னேன்னு சொல்லத் தேவையே இல்ல. எல்லாரும் பேக்கிங் டேபிள் பக்கம் திரும்பிட்டாங்க. அக்கா டேபிள் கிட்ட வந்து அந்தக் கயித்துத் துண்ட எடுத்தாங்க. முடிச்ச ஒரு தடவை திருப்பிப் பாத்தாங்க. என்னைய ஒரு தடவை பாத்தாங்க. திருப்பி வெச்சுட்டாங்க.

ஓனரண்ணன் கெட்ட ஆளில்ல. ஆனா அன்னைக்கு அவருக்கும் பயம். "அக்கா, நாளைலருந்து வர வேண்டாங்க. கணக்க அனுப்பி வெக்கறேனுங்க." வேலைய விட்டுத் தூக்கறதுலயும் 'ங்க' போட்டுத்தான் தூக்குவோம் நாம.

"செரிங்க."

அவ்ளோதான் சொன்னாங்க. டிபன் கேரியர எடுத்தாங்க, கத்தரிக்கோல டேபிள்ல அது இருக்கற எடத்துல வெச்சாங்க, போயிட்டாங்க. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு உண்மையச் சொல்லட்டுமா? சரியா ஆச்சுன்னு தோணுச்சு. நல்லாத் தூங்குனேன்.

அடுத்த நாள் காலைல பஸ் ஸ்டாப்புல டீக்கடை. போண்டா வாங்குனேன், பொட்டலத்த நூல் போட்டுக் கட்டிக் குடுத்தாரு. பஸ் வரல. நின்னுட்டு ஓனரண்ணன் கிட்ட போன்ல பேசறேன், அடுத்த சாம்பிள் எப்பத் தைக்கறது அது இதுன்னு. பேசி முடிச்சு போன பைல போட்டுட்டு கையப் பாத்தேன். போண்டா நூல் முனைல முடிச்சு. ரெண்டு சுத்து, இறுக்கி, அழகா.

எனக்கு பொக்குன்னு போச்சு.

நேத்து டேபிள்லருந்து எடுத்துப் போட்ட கயித்துத் துண்டு பைலயே இருந்துச்சு. எடுத்து பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே பக்கமாச் சுத்திருக்கு. வலது கைக்காரங்க போட்டா அந்தப் பக்கம் சுத்தாது. எங்கப்பன் எத்தனையோ தடவை திட்டி மாத்தப் பாத்து மாறாத எடது கை முடிச்சு. கம்பெனில எடது கைக்காரி நான் ஒருத்திதான். ரெண்டு மணி நேரம் வண்டில, மடில கயித்துப் பை, காதுல போனு, 'இல்லீங்ணா வந்து வந்து'ன்னு இழுத்துட்டு இருந்தேன். வாய்தான் இழுத்துட்டு இருந்துச்சு. கை அது பாட்டுக்கு வேலைய முடிச்சுருச்சு.

கம்பெனிக்குப் போயி நேரா ஓனரண்ணன் ரூமுக்குப் போனேன். கயித்தையும் நூலையும் டேபிள்ல வெச்சு சொன்னேன். அவரு ரெண்டையும் பாத்துட்டே இருந்தாரு.

"அப்ப நேத்து எதுக்கு அம்மணி அந்தக்காவச் சொன்ன?"

"அவங்கதான்னு நெனச்சுட்டேனுங்ணா."

"நானும் கேக்காம கொள்ளாம அனுப்பிப்போட்டேன். உன்னையத்தான அனுப்பிருக்கோணும்."

"ஆமாங்ணா."

"ஆமாங்கறா பாரு!" எந்திரிச்சு ஜன்னல் கிட்டப் போனாரு. "போ. போயி கூட்டிட்டு வா. அவங்க வரலீன்னா நீயும் வந்துராத."

சூலூர்ல அவங்க ஊடு ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. வாசல்ல துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் மொகத்துல ஒண்ணும் காட்டிக்கல.

"வாங்க அம்மணி. காப்பி குடிக்கறீங்ளா?"

"வேண்டாங்க்கா. வந்து..." சொல்ல வாயத் தெறக்கறேன், தலைக்கு மேல ஒரு பிளேன். அது போற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு சும்மா நின்னோம். அந்த சத்தம் அடங்கறதுக்குள்ள நான் மனப்பாடம் பண்ணிட்டு வந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோச்சு.

"முடிச்சு நான் போட்டதுங்க்கா."

"தெரியுங்க."

"என்னது?"

"டேபிள்ல எடுத்தப்பவே பாத்தனுங்க. உங்க கை முடிச்சு அது. பதினோரு வருசம் முடிச்சு போட்ட பொழப்புங்க, யாரு கைன்னு தெரியாதுங்ளா."

"அப்ப அங்கியே சொல்லிருக்கலாமல்ல!" மன்னிப்புக் கேக்கப் போன எடத்துல நான் கத்தறேன், என்ற யோக்கியதையப் பாருங்க. "வேலைய விட்டுப் போறப்பக்கூட வாயத் தெறக்க மாட்டீங்ளா?"

அவங்க ஒரு சட்டைய உதறிக் கொடில போட்டாங்க. "நீங்க நனஞ்சு நடுங்கிட்டு நின்னீங்க. சின்னப் புள்ள. அத்தனை பேரு முன்னாடி, 'நீதான் போட்ட'ன்னு எப்படிங்க சொல்றது. நல்லாவா இருக்கும்?"

"அதுக்கு வேலைய விட்டுருவீங்ளா?"

"திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில வரச் சொல்லிருக்காங்க. ரெண்டு பஸ் மாறோணும். பொண்ணு ஸ்கூல் உட்டு வர்றப்ப ஊட்ல ஆளிருக்காது, அதுதான் ரோசனையா இருக்குங்க."

நான் அங்கியே படில உக்காந்துட்டேன். "வாங்க்கா. ப்ளீஸ்ங்க்கா. நீங்க வரலீன்னா நானும் போக மாட்டேன்."

அக்கா துணி எல்லாம் போட்டு முடிச்சு, வாளியக் கவுத்து வெச்சுட்டு வந்து நின்னாங்க.

"வாரேனுங்க. ஆனா ரெண்டு விசயம். கயித்து முனைய நான் உருவிப் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் பலூன் தண்ணிக்குப் போகோணும். பை வாய நான் தச்சுத்தான் குடுப்பேன். தண்ணிக்கிட்டப் போயித்தான் பிரிக்கோணும், வண்டில உங்க கைக்கு முனை சிக்கவே கூடாது. இது ஒண்ணு."

"செரிங்க்கா."

"இன்னொண்ணு. இனிமே எனக்குத் தப்புன்னு பட்டா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். மரியாதை கிரியாதை பாக்க மாட்டேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேனுங்க்கா."

"கோவிச்சுக்குவீங்க. பரவால்லீங்க."

அப்படித்தான் வந்துச்சு அந்தக் கட்டம். ஓனரண்ணன் அன்னைக்கே ஃபாரத்த மாத்தி பிரிண்ட் போட்டாரு. எனக்கும் கடுப்புதான், பொய் சொல்லல. ஒவ்வொரு தடவையும் கயித்த எடுத்துட்டுப் போயி அவங்க முன்னாடி நிக்கோணும், அவங்க பாட்டுக்கு நூலெண்ணிட்டு இருப்பாங்க, நான் நகத்தக் கடிச்சுட்டு இருப்பேன். 'நான் பி.டெக் டெக்ஸ்டைல் படிச்சவ, நாலு வருசம் தண்ணில கெடந்தவ'ன்னு மனசுக்குள்ள ஓடும். ஓடட்டும். அந்த டக்கு சத்தம் கேட்டவளுக்கு நிக்கத் தெரியும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். போன மாசம் என்ற கடைசி ட்ரையல். தோள் ஏற்கனவே வலிக்குது, இனி தண்ணில எறங்கப் போறதில்லன்னு தெரியும். அதனால அக்காவ வண்டில கூட்டிட்டுப் போனேன். இத்தனை வருசம் மடிச்சுக் குடுக்கறாங்களே, அது ஊதி நிக்கறத ஒரு தடவையாச்சும் கண்ணுல பாக்கட்டும்னு. தண்ணி கிட்டப் போயி பை தையலப் பிரிச்சேன். எல்லாம் ரூல் படி. பலூன மாட்டுனேன். கப்பில மாட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம், கைக்கயித்து முனையக் கைல வெச்சுக்கிட்டே அவங்களுக்கு மலையக் காட்டி கதை அளந்துட்டு இருந்தேன். அங்க பாருங்க்கா, அதுதான் காத்து வர்ற சந்து, அது இதுன்னு. அப்பறம் முனைய அப்படியே உள்ளங்கைல மடிச்சுப் புடிச்சுட்டு, முழங்கால் தண்ணில படகத் தள்ளப் போனேன்.

"அடியே! நில்லுடீ! கைல என்னடி அது!"

கரைல இருந்த காக்கா எல்லாம் எந்திரிச்சுப் பறந்துச்சு. தூரத்துல அந்தப் பரிசல் அண்ணன் கூடத் திரும்பிப் பாத்தாரு. எனக்கு மூஞ்சி ஜிவ்வுன்னு ஏறுச்சு. யாரு என்னைய 'அடியே'ங்கறதுன்னு திரும்பறேன், அக்கா சேலையத் தூக்கிச் சொருகிட்டு தண்ணிக்குள்ள வந்துட்டு இருக்காங்க. கைய விரிச்சுப் பாத்தேன்.

முடிச்சு. ரெண்டு சுத்து. எடது கை.

அவங்க வாங்கி, நகத்துல நெம்பி அவுத்தாங்க. முனைய ஒரு தடவை உருவிப் பாத்து என்ற கைல குடுத்தாங்க. அப்பத்தான் அவங்களுக்கே உறைச்ச மாதிரி இருந்துச்சு.

"கோவமுங்ளா அம்மணி?"

"ஆமாங்க்கா."

"இருக்கட்டும். போயிட்டு வாங்க."

நர்ஸ் கூப்புடறாங்க, கரண்ட் முடிஞ்சுது. அந்த நாலு ஃபாரத்தையும் கிழிச்சுப் போடுங்க. நாலு பலூனையும் திரும்ப எடுங்க, கயித்த எடுத்துட்டு பேக்கிங் டேபிளுக்கு நடங்க. அவங்க சாப்புட்டுட்டு இருந்தாங்கன்னா முடிக்கற வரைக்கும் நில்லுங்க. கயித்த டேபிள்ல வெச்சுட்டு, நிக்கறப்ப கைய பின்னாடி கட்டிக்கோங்க.